பதற்ற மாத்திரையை விட்ட பிறகு: மனச்சோர்வு மருந்து யாருக்கு, எதற்காக?

1. கேள்வி

பதற்றத்துக்காகவோ தூக்கமின்மைக்காகவோ அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம் போன்ற பென்சோடையாசெபைன் மாத்திரைகளைப் பல ஆண்டுகள் சாப்பிட்ட ஒருவர் அவற்றை ஒருவழியாக விட்டுவிடுகிறார். மாதங்கள் கழிந்தும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காதில் ஓயாத இரைச்சல், தோலில் எரிச்சல், சாதாரண வெளிச்சமும் ஓசையும் தாங்க முடியாத கூச்சம். இவற்றோடு எதிலும் பிடிப்பில்லாத சோர்வும் சேர்ந்துகொள்கிறது. மருத்துவரிடம் போனால் மனச்சோர்வு மருந்து ஒன்றை எழுதித் தருகிறார். அதைத் தொடங்கலாமா?

மாத்திரையை விட்டதும் உள்ளே இருந்த நோய் வெளியே தெரிகிறது, ஆகவே மருந்து தேவை என்பது மருத்துவர்களில் ஒரு சாராரின் எண்ணம். ஒரு மருந்து செய்த கேட்டுக்கு இன்னொரு மருந்தா என்று பாதிக்கப்பட்டவர்களில் பலர் அஞ்சுகிறார்கள். இரண்டு நிலைப்பாட்டிலும் உண்மையின் ஒரு பகுதி இருக்கிறது. ஆனால் இரண்டுமே முதலில் கேட்கவேண்டிய ஒன்றைத் தாண்டிச் சென்றுவிடுகின்றன: இந்த மருந்தைக் கொண்டு எந்த நிலைக்குச் சிகிச்சை தரப்போகிறோம்? கிடைக்கும் சான்றுகளை வைத்து நான் வந்தடையும் கருத்து இது. மாத்திரையை விட்ட பின் மாதக்கணக்கில் தொடரும் இந்தத் துன்பத்துக்கு, அதாவது நீடித்த விலகல்நிலைக்கு, மனச்சோர்வு மருந்து சிகிச்சை என்பதற்குப் போதுமான ஆதாரம் இல்லை. விலகலின்போது உண்மையான மனச்சோர்வோ, பழைய பதற்ற நோயோ எழுந்தால் அதற்கு அது சிகிச்சையாகலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எழுதப்படும் மருந்துச்சீட்டு நோயாளியை அடுத்த மருந்துச் சார்புக்குக் கொண்டுபோய்விடக்கூடும்.

2. எச்சரிக்கைகள் தாமதமாகக் கேட்கப்பட்ட வரலாறு

ஹாஃப்மன்–லா ரோஷ் நிறுவனத்தின் வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக் கண்டுபிடித்த குளோர்டையாசெபாக்சைடு 1960-இல் லிப்ரியம் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. 1963-இல் டயசெபாம், வேலியம் என்ற பெயரில் வந்தது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த பார்பிட்டுரேட்டுகளை அளவுக்கு மீறி விழுங்கினால் உயிரே போய்விடும். அவற்றோடு ஒப்பிட்டால் புதிய மருந்துகள் பாதுகாப்பானவை என்பதில் பொய்யில்லை. 1969 முதல் 1982 வரை அமெரிக்காவில் அதிகம் விற்ற மருந்து வேலியம்தான்.

இவை உடலைச் சார்பு நிலைக்குக் கொண்டுபோகும் என்பது தொடக்கத்திலேயே தெரிந்த செய்தி. லியோ ஹாலிஸ்டர் 1961-இல் வெளியிட்ட ஆய்வில், அதிக அளவில் குளோர்டையாசெபாக்சைடு பெற்றுவந்த 11 நோயாளிகளுக்கு அதைத் திடீரென நிறுத்தி, மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்தார். அவர்களில் 10 பேருக்கு விலகல் அறிகுறிகள் தோன்றின. இருவருக்கு வலிப்பு வந்தது. அது அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று மருத்துவ உலகம் ஆறுதல் சொல்லிக்கொண்டது. வழக்கமான சிகிச்சை அளவிலேயே சார்பு ஏற்படும் என்பதை 1980-களில் பிரிட்டனின் மால்கம் லேடர், பீட்டர் டைரர், ஹெதர் ஆஷ்டன் போன்றோரின் ஆய்வுகள் நிலைநாட்டின. 1988-இல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, கடுமையான பதற்றத்துக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் இவற்றைத் தரவேண்டாம் என்றது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., சார்பையும் விலகலையும் குறித்து மருந்துத் தாளில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடவேண்டும் என்று உத்தரவிட 2020 செப்டம்பர் வரை ஆயிற்று. விலகல் அறிகுறிகள் சிலருக்கு வாரக்கணக்கிலும், 12 மாதங்களைத் தாண்டியும் நீடிக்கலாம் என்ற செய்தியும் அப்போதுதான் அதிகாரபூர்வமாக இடம்பெற்றது. முதல் சான்றுக்கும் இந்த ஒப்புதலுக்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகள். இந்தத் தாமதத்தை நினைவில் வைத்துக்கொண்டால், நோயாளிகள் இன்னொரு மருந்தைச் சந்தேகத்தோடு பார்ப்பதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

3. நீடிக்கும் துன்பம்: மருந்தின் எச்சமா, பழைய நோயா?

மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் நரம்புக் கடத்தியான காபாவின் விளைவைப் பென்சோடையாசெபைன்கள் கூட்டுகின்றன. தொடர்ந்து சாப்பிடும்போது காபா ஏற்பிகள் தம் உணர்திறனைக் குறைத்துக்கொள்கின்றன. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட் அமைப்பு அதற்கு ஈடாக வலுக்கிறது. மருந்தை எடுத்துவிட்டால் தணிப்பு குறைந்த, கிளர்ச்சி மிகுந்த மூளை எஞ்சுகிறது. பெரும்பாலானோருக்கு இது வாரங்களில் சீராகிவிடும். சிலருக்கு மட்டும் ஏன் மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கின்றன என்பதற்கு அறிவியல் இன்னும் உறுதியான விடை தரவில்லை.

இந்த நீடித்த நிலை உண்டா என்பதே நெடுங்காலம் சர்ச்சையாக இருந்தது. அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலான டி.எஸ்.எம்.-5 விலகலைச் சொல்கிறது. நீடித்த விலகலைத் தனி நோயாகப் பட்டியலிடவில்லை. இதை மறுப்பவர்களிடமும் வலுவான ஒரு சான்று உண்டு. மருந்தளவு குறைக்கப்பட்டுவிட்டது என்று நம்பிய நோயாளிகளில் சிலருக்கு, அளவு குறையாத நிலையிலும் விலகல் அறிகுறிகள் தோன்றியதை டைரர் குழு 1980-களில் பதிவு செய்தது. எதிர்பார்ப்பும் அச்சமும் அறிகுறிகளை உண்டாக்க வல்லவை. இதை நேர்மையாக ஏற்றுக்கொள்ளவேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் அச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. நீடித்த விலகல் பதற்றமா, ஹிஸ்டீரியாவா என்று கேட்டு 1990-இல் வெளிவந்த ஹிகிட் குழுவின் ஆய்வு, அது நீண்ட காலச் சிகிச்சையின் விளைவாக வரும் உண்மையான உபாதை என்ற முடிவுக்கே வந்தது. நீண்ட காலம் மருந்தெடுத்தவர்களில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு இந்த நிலை வரலாம் என்பது ஆஷ்டனின் மதிப்பீடு. 2023-இல் பிளாஸ் ஒன் இதழில் வெளியான ஒரு கருத்தாய்வில் 1,207 பேர் பதிலளித்தனர். மருந்தை விட்டு ஓராண்டுக்கு மேலாகியும் தொடரும் அறிகுறிகளைப் பலர் விவரித்திருந்தனர். பதிலளித்தவர்களில் பெரும்பாலோர் பாதிக்கப்பட்டோர் கூடும் குழுக்களின் வழியே வந்தவர்கள் என்பதால், எத்தனை விழுக்காட்டினருக்கு இது வரும் என்பதை அந்த ஆய்வைக் கொண்டு சொல்ல முடியாது. துன்பத்தின் தன்மையை அது சொல்கிறது, பரவலைச் சொல்லவில்லை.

மருத்துவருக்கு நடைமுறையில் உதவும் அடையாளங்கள் சில உண்டு. மாத்திரை தொடங்குவதற்கு முன் ஒருபோதும் இல்லாத காது இரைச்சல், தோல் எரிச்சல், தசைத் துடிப்பு, ஒலி ஒளிக் கூச்சம் ஆகியவை விலகலைக் காட்டுகின்றன. சில நாள்கள் நன்றாக இருந்து, காரணமின்றி மறுபடி கீழே விழுந்து, மீண்டும் தெளிவதும் விலகலின் போக்கே. பழைய பீதித் தாக்கங்கள் அதே உருவில், அதே சூழலில் திரும்பி வந்து நாளுக்கு நாள் வலுத்தால் அது பழைய நோய் திரும்பியதன் அறிகுறி. காலை எழும்போதே கனமாக இருக்கும் மனம், எதிலும் இன்பமின்மை, தன்னையே குற்றவாளியாக்கும் எண்ணம், பசியின்மை, வாழ்வை முடித்துக்கொள்ளும் நினைவு ஆகியவை வாரக்கணக்கில் இடைவெளியின்றி நீடித்தால், அது எதனால் வந்திருந்தாலும் மனச்சோர்வு நோய்தான்.

4. சோதனைகள் எதை அளந்தன?

மனச்சோர்வு மருந்துக்கு ஆதரவாக அடிக்கடி காட்டப்படும் ஆய்வு, கார்ல் ரிக்கல்ஸ் குழு 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது. சராசரியாக எட்டரை ஆண்டுகள் பென்சோடையாசெபைன் சாப்பிட்ட, பொதுவான பதற்ற நோய் கொண்ட 107 பேர் அதில் பங்கேற்றனர். இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தைப் பெற்றவர்களில் 82.6 விழுக்காட்டினரும், பஸ்பிரோன் என்ற வேறு வகைப் பதற்ற மருந்தைப் பெற்றவர்களில் 67.9 விழுக்காட்டினரும், போலி மாத்திரை பெற்றவர்களில் 37.5 விழுக்காட்டினரும் பென்சோடையாசெபைனை விட்டிருந்தனர்.

இந்த எண்களைக் கேட்டதும் நம்பிக்கை பிறப்பது இயல்பு. ஆய்வின் வடிவத்தைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லை இருப்பது புரியும். இமிப்ரமின், பழைய மாத்திரையைக் குறைக்கத் தொடங்குவதற்கு நான்கு வாரங்கள் முன்பே தொடங்கப்பட்டது. அளவைக் குறைத்தபோது அது ஏற்கெனவே உடலில் நிலைகொண்டிருந்தது. அளக்கப்பட்டது, எத்தனை பேர் மாத்திரையை விட்டார்கள் என்பது. விலகல் அறிகுறிகளின் கடுமையை இமிப்ரமின் குறைக்கவில்லை. அதாவது துன்பத்தைத் தாங்கி அக்கரை சேர அது உதவியது. துன்பத்தை அது தணிக்கவில்லை.

1996-இல் டைரர் குழு 87 பேரிடம் டொதியெபின் என்ற மனச்சோர்வு மருந்தைச் சோதித்தபோது கிடைத்த படம் ஏறத்தாழ இதற்குத் தலைகீழ்: அறிகுறிகள் ஓரளவு குறைந்தன, ஆனால் மாத்திரையை விட்டவர்கள் கூடவில்லை. நெதர்லாந்தில் மனச்சோர்வும் பென்சோடையாசெபைன் சார்பும் ஒருங்கே கொண்ட 230 பேரை வைத்துச் சிட்மன், கூவே இருவரும் நடத்தி 2001-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையை விடுவதில் பரோக்செட்டின் என்ற மனச்சோர்வு மருந்து பெரிதாக எதையும் கூட்டவில்லை. மனச்சோர்வு இருந்தவர்களிடமே இப்படி என்பதைக் கவனிக்கவேண்டும்.

இவற்றையும் பிறவற்றையும் சேர்த்துப் பார்த்த மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு மதிப்பாய்வு, 35 சோதனைகளிலிருந்து 2,295 பேரின் தரவுகளைத் திரட்டியது. இமிப்ரமின் போன்ற டிரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்துகள், பரோக்செட்டின் உள்ளிட்ட சிலவற்றில் பயன் இருக்கக்கூடும் என்றது. சான்றின் தரம் மிகத் தாழ்வானது, உறுதியான முடிவுக்கு வர இயலாது என்பதையும் சேர்த்தே சொன்னது.

இந்தச் சோதனைகள் எல்லாம், மாத்திரையை விடும் கட்டத்தில் இன்னொரு மருந்து உதவுமா என்று கேட்டவை. மாத்திரையை விட்டு எட்டு மாதமோ ஒன்றரை ஆண்டோ ஆகியும் துன்பப்படுபவருக்கு மனச்சோர்வு மருந்து உதவுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்வியின் விடையை எடுத்து இரண்டாவதற்கு ஒட்டுவது ஆய்வு நெறியாகாது. மருந்தை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் இந்தத் தவறைச் செய்கிறார்கள்.

இந்த இடத்தில் மருந்தில்லாச் சிகிச்சைக்கான ஒரு சான்றையும் சொல்லவேண்டும். நாள்பட்ட தூக்கமின்மை கொண்ட 76 முதியவர்களிடம் சார்ல்ஸ் மோரன் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்ததோடு தூக்கத்துக்கான அறிவுசார் நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களில் 85 விழுக்காட்டினர் மாத்திரையை விட்டனர். குறைத்தல் மட்டும் செய்தவர்களில் அது 48 விழுக்காடு. இரவுகள்தான் தாங்க முடியவில்லை என்பவருக்கு, மருந்துச்சீட்டுக்கு முன்னால் இந்தச் சிகிச்சை நினைவுக்கு வரவேண்டும்.

5. ஆஷ்டனின் அனுபவம்

டேராடூனில் 1929-இல் பிறந்தவர் ஹெதர் ஆஷ்டன். அவருடைய தந்தை ஹாரி சாம்பியன், இந்தியக் காடுகளை வகைப்படுத்திய வனவியலாளர். ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை நியூகாசிலில் விலகலுக்கென்றே ஒரு மருத்துவ நிலையம் நடத்தி, முந்நூறு பேர் அளவில் நோயாளிகளைக் கவனித்தார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய கையேடு இன்றுவரை உலகெங்கும் படிக்கப்படுகிறது. மாத்திரையைக் குற்றம்சாட்டியவர் என்பதால் அவர் மருந்துகளையே எதிர்த்தவர் என்று சிலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல. விலகலின்போது துணைமருந்து பற்றி யோசிக்கவேண்டுமானால் மனச்சோர்வு மருந்துகளே முக்கியமானவை என்று அவர் எழுதினார். விலகலில் எழும் மனச்சோர்வு தற்கொலை வரை போகக்கூடிய அளவுக்குக் கடுமையாகலாம் என்பதை அவர் நேரில் கண்டவர்.

அதே கையேட்டில் அவர் நிபந்தனைகளும் வைத்தார். மிகக் குறைந்த அளவில் தொடங்கவேண்டும். பயன் தெரிய சில வாரங்களாகும். தொடக்கத்தில் பதற்றம் கூடலாம். பென்சோடையாசெபைன் முழுவதும் குறைந்து தீரும்வரை மனச்சோர்வு மருந்தில் கைவைக்கக்கூடாது. பிறகு அதையும் படிப்படியாகவே குறைக்கவேண்டும். எல்லோருக்கும் வழக்கமாகத் தரவேண்டியது இது என்று அவர் கருதவில்லை. கட்டுப்பாட்டுச் சோதனை அல்லாத, ஒரு மருத்துவரின் அனுபவ அறிவு என்ற அளவில்தான் இதை எடுத்துக்கொள்ளவேண்டும். ஆனால் நீடித்த விலகலை இவ்வளவு நெருக்கமாகப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பதால் அதற்குத் தனி எடை உண்டு.

6. சேர்ப்பதால் வரும் சுமைகள்

செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்செட்டின் போன்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. மருந்துகள் தொடக்க வாரங்களில் சிலருக்குப் படபடப்பையும் தூக்கக் குலைவையும் தருகின்றன. ஏற்கெனவே கிளர்ச்சியில் தவிக்கும் நரம்பு மண்டலத்துக்கு இது பெரிய சோதனை. வழக்கமான தொடக்க அளவே இவர்களில் பலருக்கு அதிகம்.

புப்ரோபியான் என்ற மனச்சோர்வு மருந்து வலிப்பு எளிதில் வர இடமளிப்பதால், பென்சோடையாசெபைனைக் குறைத்துக்கொண்டிருப்பவருக்கு அது ஆபத்தானது. ஃபுளுவாக்சமின், ஃபுளுவாக்செட்டின் இரண்டும் கல்லீரல் நொதிகளைத் தடுத்து அல்பிரசோலம், டயசெபாம் ஆகியவற்றின் இரத்த அளவைக் கூட்டுகின்றன; ஃபுளுவாக்சமின், அல்பிரசோலத்தின் அளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிவிடும். பென்சோடையாசெபைனைக் குறைத்துக்கொண்டிருப்பவர் இவற்றில் ஒன்றைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாமல் அளவு ஏறுகிறது. பிறகு அதை நிறுத்தினால், பென்சோடையாசெபைனின் இரத்த அளவும் கூடவே குறைந்துபோகிறது. முதியவர்களுக்கு எஸ்.எஸ்.ஆர்.ஐ. இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துக் குழப்பநிலையை வரவழைக்கலாம்; 25 வயதுக்குட்பட்டோரிடம் தொடக்கத்தில் தற்கொலை எண்ணங்களைக் கவனிக்கவேண்டும்.

மனச்சோர்வு மருந்துகளுக்கும் விலகல் அறிகுறிகள் உண்டு. லான்செட் சைக்கியாட்ரி இதழில் 2024-இல் வந்த ஹென்ஸ்லர் குழுவின் மதிப்பாய்வு, நிறுத்தியவர்களில் 31 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் இருந்ததையும், போலி மாத்திரையை நிறுத்தியவர்களில் அது 17 விழுக்காடு என்பதையும் கண்டது. மருந்தால் மட்டுமே வருவது ஆறு ஏழு பேரில் ஒருவருக்கு. கடுமையானவை மிகக் குறைவு. பெரும்பாலானோருக்கு இது கடக்கக்கூடியது. ஏற்கெனவே ஒரு விலகலில் உழன்றவருக்கு இந்தச் செய்தி மருந்து தொடங்கும் நாளிலேயே சொல்லப்படவேண்டும். நிறுத்தும் நாளில் அவராகவே கண்டறிய விடக்கூடாது.

7. ஒரே மாத்திரையில் இரண்டும்: இந்தியச் சிக்கல்

இதுவரை சொன்னவை எல்லாம் இரண்டு மருந்துகளும் பெரும்பாலும் தனித்தனியே இருக்கும் நாடுகளின் கதை. இந்தியாவில் எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி. இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்து பல பெயர்களில் விற்கின்றன. அமிட்ரிப்டிலினும் குளோர்டையாசெபாக்சைடும் சேர்ந்த மாத்திரையும் நெடுங்காலமாக உண்டு. நம் ஊரில் இவற்றுக்கெல்லாம் நரம்பு மாத்திரை, தூக்க மாத்திரை என்றே பெயர். மனச்சோர்வு மருந்தைச் சேர்க்கலாமா என்ற கேள்வியை எழுப்பும் வாய்ப்பே நோயாளிக்குக் கிடைப்பதில்லை. அது முதல் நாளிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது. பலருக்கு அது தெரியாது.

மனச்சோர்வு மருந்து மாதக்கணக்கில் எடுக்கவேண்டியது. குளோனசெபாம் சில வாரங்களில் நிற்கவேண்டியது. எஸ்.எஸ்.ஆர்.ஐ.-இன் தொடக்கப் படபடப்பைக் கடக்கக் குறுகிய காலம் பென்சோடையாசெபைன் தருவதில் மருத்துவ நியாயம் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே மாத்திரையில் பூட்டினால், ஒன்றுக்கு உரிய காலத்தை மற்றதும் எடுத்துக்கொள்கிறது.

நிறுத்தும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஒருவர் இந்த மாத்திரையைத் திடீரென விட்டால் இரண்டு விலகல்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன. எஸ்சிட்டலோபிராம், குளோனசெபாம் இரண்டின் அரை ஆயுளும் ஏறத்தாழ 30 மணி நேரத்தை ஒட்டியவை. எனவே எந்த அறிகுறி எதனுடையது என்று காலத்தை வைத்தும் பிரிக்க முடியாது. படிப்படியாகக் குறைக்க நினைத்தாலும் வழியில்லை. அமெரிக்கப் போதைச் சிகிச்சை மருத்துவர் சங்கம் பிற அமைப்புகளோடு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 விழுக்காடு குறைத்துத் தொடங்கச் சொல்கிறது. கூட்டு மாத்திரையை உடைத்தால் ஒரே நாளில் 50 விழுக்காடு குறைகிறது. எஸ்சிட்டலோபிராமும் கூடவே பாதியாகிறது. ஆஷ்டன் சொன்ன வரிசை, அதாவது முதலில் பென்சோடையாசெபைன், பிறகு மனச்சோர்வு மருந்து என்பது, இந்த மாத்திரையில் நடக்காத காரியம்.

சட்டம் இதில் ஓரளவே உதவுகிறது. மருந்து விற்பனை விதிகளில் 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணையில் அல்பிரசோலம், டயசெபாம் போன்றவை உள்ளன. மருந்துக்கடை இவற்றின் விற்பனையைப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவேண்டும். யாருக்கு விற்றார்கள் என்பதை அந்தப் பதிவேடு சொல்லும். எப்போது, எப்படி நிறுத்துவது என்ற திட்டம் மருத்துவரின் சீட்டில்தான் இருக்கவேண்டும்.

8. எப்படி முடிவெடுப்பது?

நீடித்த விலகலில் இருப்பவருக்குத் தொடர்ந்த மனச்சோர்வு தெளிவாகத் தெரிந்தால், அல்லது பழைய பீதி நோய் உறுதியாகத் திரும்பியிருந்தால், மனச்சோர்வு மருந்தை மறுப்பது தவறு. தற்கொலை எண்ணம் இருந்தால் தாமதிப்பது பெருந்தவறு. அந்த நேரத்தில், ஒரு மருந்தை விட்டுவிட்டு இன்னொன்றைப் பிடித்தோமே என்ற குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. அலை அலையாக வந்து போகும் விலகல் அறிகுறிகள் மட்டும் இருந்து, நல்ல நாள்கள் மெல்லக் கூடிவந்தால், காத்திருப்பதும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்குமான உளச்சிகிச்சையும் முதல் தேர்வாகவேண்டும். காது இரைச்சலுக்கும் தோல் எரிச்சலுக்கும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. எழுதுவதற்குச் சான்று இல்லை. பழைய பென்சோடையாசெபைனை அவ்வப்போது எடுத்துச் சமாளிப்பது, கடந்துவந்த தூரத்தைக் கெடுத்துக்கொள்வதாகும்.

தொடங்குவதானால், எந்த நிலைக்காக என்பது சீட்டில் எழுதப்படவேண்டும். மிகக் குறைந்த அளவு, ஆறு முதல் எட்டு வாரங்களில் மறுமதிப்பீடு, பயனில்லையென்றால் எப்படிக் குறைப்பது என்ற திட்டம் ஆகியவையும் முதல் நாளே பேசப்படவேண்டும். நீடித்த விலகலில் இருப்பவர்களை மட்டுமே சேர்த்து, ஓராண்டாவது தொடரும் ஒரு கட்டுப்பாட்டுச் சோதனை நடக்கும்வரை இதற்கு மேல் உறுதியாகச் சொல்ல இயலாது. கூட்டு மாத்திரை இவ்வளவு புழங்கும் இந்தியாவே அத்தகைய ஆய்வுக்குப் பொருத்தமான களம்.

இதைப் படிப்பவர்களில் யாரேனும் இத்தகைய மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால், ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நாளைக் காலை மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; திடீர் நிறுத்தம் வலிப்பை வரவழைக்கலாம். அட்டையின் பின்புறத்தில் என்னென்ன மருந்துகள் எழுதியிருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு பெயர்கள் இருந்தால், அவற்றைத் தனித்தனி மாத்திரைகளாக மாற்றித் தரும்படியும், குறைப்பதற்கான அட்டவணை ஒன்றை எழுதித் தரும்படியும் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வருமானால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள், அல்லது அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.